கைவினைக் கண்காட்சியில் விற்க, குறைந்த செலவில் அலங்கார விளக்கு எப்படிச் செய்வது?

காலிக் கண்ணாடிப் பாட்டிலும் செப்புக்கம்பி எல்இடி சரமும் போதும். சென்னைக்காரர் என்றால் ரிச்சி தெருவில் சரங்களை மொத்தமாக வாங்கலாம். பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்தால் லேபிள் உரியும். ஒட்டியிருக்கும் பிசினைத் தேங்காய் எண்ணெய் எடுத்துவிடும்.

கவனம் தேவைப்படுவது பேட்டரியில்தான். கார்க் மூடியோடு வரும் சரங்களில் பெரும்பாலும் தலா 1.5 வோல்ட் பொத்தான் பேட்டரிகள் மூன்று இருக்கும். பார்க்க அழகு, ஆனால் சீக்கிரம் மங்கிவிடும். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும். நான் விற்பதாக இருந்தால் அதைத் தொடமாட்டேன். 2 ஏஏ பேட்டரி போடும் பெட்டியுள்ள 3 வோல்ட் சரம் வாங்குங்கள், பல மடங்கு நேரம் எரியும். அதை மட்டும் 5 வோல்ட் செல்போன் சார்ஜரில் நேரடியாகச் செருகும்படி மாற்றாதீர்கள், சூடேறிக் கருகும். யூஎஸ்பி வேண்டுமென்றால் 5 வோல்ட்டுக்கென்றே செய்த சரம் தனியாக உண்டு.

தெளிந்த கண்ணாடிக்குள் புள்ளி புள்ளியாகத் தெரியும் வெளிச்சம் மலிவாகத் தோன்றும். வெளியே டிரேசிங் தாளைக் கிழித்துக் கிழித்து ஃபெவிகால் தடவி ஒட்டினால் ஒளி மொத்தமாகப் பரவும். சரத்தின் நிறம் வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை. நீலவெள்ளை எரிந்தால் மருந்துக்கடை மாதிரி இருக்கும்!

பகல் வெளிச்சத்தில் எந்த விளக்கும் எடுபடாது. பெரிய அட்டைப்பெட்டியின் உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டி, அதற்குள் எரியவிட்டு வையுங்கள். விலை போடும்போது ஸ்டால் வாடகையையும் உடையும் பாட்டில்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.