20 சதவீத பயோடீசல் கலவையும் ஃபில்டர் அடைப்பும்

வணக்கம். உங்கள் பணிமனையின் பழைய பேருந்துகள் சிலவற்றில் 20 சதவீத பயோடீசல் (தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாரிக்கும் எரிபொருள்) கலந்த டீசலைச் சோதனையாக ஊற்றியதிலிருந்து டீசல் ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, இழுவையும் குறைகிறது, சோதனையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்த வேண்டாம். முதலில் அடைத்துக்கொண்ட ஃபில்டர் ஒன்றை அறுத்துப் பாருங்கள்.

மடிப்புகளில் கருப்பாகப் பிசுபிசுவென்று அப்பியிருந்தால், அது பல ஆண்டுகளாக டேங்கின் அடியில் படிந்திருந்த கசடு. பயோடீசலுக்குக் கரைக்கும் தன்மை அதிகம் என்பதால் அதைக் கிளப்பி ஃபில்டருக்குக் கொண்டுவருகிறது. டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டரை ஓரிரு முறை முன்கூட்டியே மாற்றினால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். வழவழப்பாகவும் கெட்ட வாடையுடனும் இருந்தால் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். டீசலைவிட பயோடீசல் ஈரத்தை அதிகம் ஈர்க்கும். சென்னையின் கடற்காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், பாதி காலியாக நிற்கும் டேங்கில் நீர் கோத்து நுண்ணுயிர்கள் வளர்ந்துவிடும். ஆகவே இரவில் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலையில் வண்டியை எடுக்குமுன் வாட்டர் செப்பரேட்டரை (டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் பாகம்) திறந்து நீரை வடியுங்கள். பயோடீசல் குளிரில் உறைந்து ஃபில்டரை அடைக்கிறது என்று சிலர் சொல்லும் விளக்கம், மார்கழியிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் இந்த ஊருக்குப் பொருந்தாது.

கலப்பதற்கு வாங்கும் தூய பயோடீசல் பயோடீசலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15607-இன்படி உள்ளதா என்று ஒவ்வொரு லோடுக்கும் சான்று கேளுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி உப்பக்கூடும். மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் வரை குறைவது இயல்பு. அதற்கு மேல் குறைந்தால், அதே தடத்தில் வெறும் டீசலில் ஓடும் வண்டியோடு ஒப்பிட்டுவிட்டு எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதியுங்கள்.