நாணயங்களுக்கும் ஒரு விசாரணை: கேள்வி பதில்

பிரிட்டனின் புது நாணயங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் 'பிக்ஸ் விசாரணை' பற்றி வாசகர்கள் கேட்டவை. ('பிக்ஸ்' என்பது மாதிரி நாணயங்களைப் பூட்டிவைக்கும் பெட்டி.)

கேள்வி: இது வெறும் சடங்கா, உண்மையான வழக்கா?

சட்டப்படி நடக்கும் விசாரணைதான். 13ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிறது. லண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் 'கிங்ஸ் ரிமெம்பரன்சர்' என்னும் மூத்த நீதித்துறை அதிகாரி தலைமையில் கூடுகிறது. பொற்கொல்லர் சங்கத்தார் ஜூரிகளாக அமர்கிறார்கள். நாணயத்தை அடித்தவரே அதற்குத் தரச்சான்றும் கொடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாட்டின் உயிரே அதுதான்.

கேள்வி: நல்ல நாணயங்களாகப் பொறுக்கி அனுப்பிவிட மாட்டார்களா?

அதற்கு வழியில்லை. வேல்ஸில் உள்ள ராயல் மின்ட், ஆண்டு முழுவதும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பொறுக்காமல் சில நாணயங்களை எடுத்து, பொட்டலமாக முத்திரையிட்டுப் பெட்டிக்குள் பூட்டிவிடுகிறது. விசாரணை நாளில் ஜூரிகளே பிரித்து எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் ஒரு நாணயம் செம்புக் கிண்ணத்துக்குப் போகும். அது உலோகச் சோதனைக்கு. மற்றவை மரக் கிண்ணத்துக்கு. அவற்றை நிறுத்துப் பார்ப்பார்கள்.

முற்காலத்தில் இந்தப் பெட்டிகள் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் கனத்த கதவுகளுக்குப் பின்னால் இருந்தன. அதே வளாகத்தில் இருந்த அரசக் கருவூலம் 1303இல் கொள்ளை போனது. பெட்டிகளின் காவலில் காட்டிய கடுமை வீணானதல்ல.

கேள்வி: தங்கத்தின் மாற்றை உரைகல்லில் பார்த்தால் போதாதா?

போதாது. உரைகல் தோராயமாகத்தான் சொல்லும். சவரன் என்னும் பிரிட்டிஷ் தங்க நாணயம் 22 காரட். அதில் சிறு பிசகும் தெரிய வேண்டும். அதற்குப் பழைய புடமுறைதான் இன்றும் நம்பகமானது. நாணயத்திலிருந்து எடுத்த துணுக்கைத் துல்லியமாக நிறுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி உலையிலிடுவார்கள். உருகிய ஈயம் செம்பையும் பிற மட்ட உலோகங்களையும் இழுத்துக்கொண்டு புடக்கிண்ணத்துக்குள் ஊறிவிடும். தங்கமும் வெள்ளியும் கலந்த மணி மட்டும் மிஞ்சும். அதைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டால் வெள்ளி கரைந்துபோகும். எஞ்சியதை நிறுத்தால் மாற்று தெரிந்துவிடும்.

கேள்வி: சில்லறைக் காசுகளுக்கும் சோதனை உண்டா?

உண்டு. எடை, விட்டம், உலோகக் கலவை மூன்றையும் பார்ப்பார்கள்.

கேள்வி: தங்கக் காசு எப்போதாவது தேறாமல் போனதா?

1710இல். அப்போது நாணயச்சாலைத் தலைவர் ஐசக் நியூட்டன். தங்கம் மட்டம் என்று ஜூரிகள் சொன்னதும் அவர் கொதித்துப்போனார். காசைக் குறை சொல்லுமுன், ஒப்பிட்ட அளவுகோலைப் பாருங்கள் என்று வாதாடினார். ஒப்பிடுவதற்கென்று 1707இல் செய்த மாதிரித் தங்கத் தகடு, இருக்கவேண்டியதைவிடச் சுத்தமாக இருந்தது! அந்தத் தகட்டைக் கைவிட்டுப் பழைய தகட்டுக்கே திரும்பினார்கள்.