எழுத்து உடையாமல், வெட்டிய இடம் 'டப்' என்னாமல்

கேள்வி: முட்டம் கடற்கரை, மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றி டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வீடியோ செய்கிறேன். தலைப்பை எழுத்தெழுத்தாக வரவைத்தால் தமிழ் உடைந்து துடிக்கிறது. பேச்சில் இருமலை வெட்டினால் 'டப்' என்று கேட்கிறது. என்ன வழி?
- குளச்சல் வாசகர்

பதில்: 'முட்டம்' நமக்கு 4 எழுத்து. கணினி அதை 7 குறிகளாக வைத்திருக்கிறது. உகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. டைப்ரைட்டர் எஃபெக்ட் குறி குறியாகக் காட்டும்போது முதலில் 'ம', பிறகு அதுவே 'மு', அடுத்து 'முட', 'முட்' என்று மாறிக்கொண்டே போகும். பாமினி போன்ற பழைய ஃபான்ட் என்றால் இன்னும் மோசம், 'கொ'வின் கொம்பு மட்டும் முதலில் வந்து நிற்கும். ஆகவே தமிழுக்கு அந்த எஃபெக்ட் வேண்டவே வேண்டாம்.

முழுச் சொல்லையும் எழுதி, இடமிருந்து திறந்து காட்டுங்கள். தலைப்பு கிளிப்பின் நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 'மாத்தூர் தொட்டிப்பாலம்' என்றால் 4 வினாடி தாராளம். கிளிப்பின் அளவுகளை மாற்றும் இன்ஸ்பெக்டர் பலகையில் செட்டிங்ஸ், அதில் கிராப்பிங் (ஓரத்தை மறைப்பது). முதல் ஃபிரேமில் 'கிராப் ரைட்' அளவை எழுத்து முழுதும் மறையும்வரை கூட்டி, பக்கத்திலுள்ள வைரக் குறியை அழுத்துங்கள். அந்த ஃபிரேமில் அந்த அளவு பதிவாகும், இதுதான் கீஃபிரேம். 15 ஃபிரேம் தள்ளி அளவை 0 ஆக்குங்கள். முடிவில் தலைப்பு இதேபோல் மறையவும் கீஃபிரேம் வைத்திருந்தால், கிளிப் நீளத்தைப் பிறகு குறைக்கும்போது அவை வெட்டுக்கு வெளியே போய்விடும். மறையும் அசைவு பாதியில் அறுந்துபோவது இதனால்தான்.

'டப்' சத்தத்துக்குக் காரணம், ஒலி அலை மேலேயோ கீழேயோ இருக்கும்போது வெட்டு விழுந்து, அலை திடீரென்று தாவுவது. ஆல்ட் விசையோடு ஒலியை மட்டும் சொடுக்கித் தேர்ந்தெடுத்து, இருமலின் இரு பக்கமும் கன்ட்ரோல்+பி கொடுத்து வெட்டுங்கள். நடுத்துண்டை பேக்ஸ்பேஸால் நீக்குங்கள். டெலீட் விசை இடைவெளியையும் மூடிவிடும், அதற்குப் பின் வாயசைவு பொருந்தாது. வெட்டிய முனைகளின் மேல்மூலையில் வரும் கைப்பிடியை 1 அல்லது 2 ஃபிரேம் உள்ளே இழுத்தால் சத்தம் போய்விடும்.

இதோடு விட்டால் அந்த இடத்தில் கடல் சட்டென்று ஊமையாகிவிடும், கேட்பவர் உடனே கவனிப்பார். யாரும் பேசாத வெறும் அலைச் சத்தத்தை அதே இடத்தில், அதே மைக்கில் 30 வினாடி பதிந்து வையுங்கள். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து இடைவெளியை நிரப்பி, இரு முனையிலும் 5 ஃபிரேம் ஃபேடு (ஒலி மெல்ல ஏறி இறங்குவது) கொடுங்கள்.

காற்றின் உறுமலை ஈக்யூவில் (ஈக்வலைசர்) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் ஓரளவு அடங்கும். ஆனால் முப்பந்தல் காற்றாலைப் பக்கம் போல மைக்கையே காற்று அறைந்து, அலைவடிவத்தின் உச்சி தட்டையாகிவிட்டால் எந்த ஃபில்டரும் அதை முழுதாக மீட்காது. அந்த வரிகளை அறைக்குள் மறுபடி பேசிப் பதிவதே நல்லது.