குழாய் விடாமல், ஊசி குத்தாமல் வயிற்றையும் ஈரலையும் சோதிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 48. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், குடிப்பழக்கம் இல்லை. உடல் பரிசோதனையில் 'கிரேடு 2 கொழுப்புக் கல்லீரல்' என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் ஈரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 68, பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) 2.1 லட்சம். ஆறு மாதமாக மேல்வயிற்றில் எரிச்சலும் இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரஸோல் மாத்திரை போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்துவிடலாம், ஈரலில் ஊசியால் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி தேவைப்பட்டாலும் படலாம் என்கிறார்கள். என் தம்பிக்கு வயது 29, ஒரு வருடமாக அடிக்கடி வயிற்றுப்போக்கு. அவனுக்குப் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி எழுதியிருக்கிறார்கள். இதற்கெல்லாம் எளிய மாற்று உண்டா?

பதில்: உண்டு. உங்கள் இருவருக்குமே முதல் படியைக் குழாயோ பயாப்ஸி ஊசியோ இல்லாமல் தாண்ட வாய்ப்பிருக்கிறது. அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பான மலம், ரத்தசோகை, நிற்காத வாந்தி, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே சொல்லும் சோதனைகளில் நாளைக் கடத்தாமல் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அதில் தார் போன்ற பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் இருக்காது.

ஈரலிலிருந்து தொடங்குவோம். 'கிரேடு 2' என்பது ஸ்கேன் திரையில் ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதன் அளவு, அவ்வளவுதான். கொழுப்பு படிந்திருப்பதை அது சொல்லும். ஈரல் எதிர்காலத்தில் சுருங்குமா என்பதைத் தீர்மானிப்பது கொழுப்பை விட, அதனால் விழும் தழும்பு. ஆரம்பத் தழும்பு சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரியாது. எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருப்பவர்களுக்கும் தழும்பு இருக்கலாம். ஆகவே கிரேடு எண்ணைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம், 'கிரேடு 1தானே' என்று யாரும் அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று அறிய உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டே போதும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட் எண்ணால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுங்கள். உங்களுக்கு 48 × 52 = 2496. 68இன் வர்க்கமூலம் 8.25, அதை 210ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1732. வகுத்தால் 1.44 வருகிறது. பலரும் தவறுவது பிளேட்லெட் எண்ணில்தான். நம் லேப்கள் 2.1 லட்சம் என்று எழுதுகின்றன, இந்தக் கணக்குக்கு அதை 210 என்று போட வேண்டும். 2.1 என்றே போட்டால் விடை 144 என்று வந்து தூக்கத்தைக் கெடுக்கும். 2,10,000 என்று போட்டால் பூஜ்யத்தை ஒட்டி வந்து பொய்யான நிம்மதியைத் தரும்.

1.3க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வரம்பை 2.0 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2.67க்கு மேல் என்றால் ஈரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் இடையில் நிற்கிறீர்கள், சர்க்கரையும் இருக்கிறது. எனவே அடுத்த சோதனை உங்களுக்குத் தேவை. 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாகப் பொருந்தாது.

இன்னொரு எச்சரிக்கை. டெங்கு வந்தால் பிளேட்லெட் இறங்கும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும். கணக்கில் இரண்டும் விடையை மேலே தள்ளும். காய்ச்சல் கண்ட சமயத்தில் எடுத்த ரத்த எண்களை வைத்து ஃபிப்-4 போடாதீர்கள். உடம்பு முழுதாகத் தேறிய பிறகு புதிதாக ரத்தம் கொடுத்து எண்களை எடுங்கள். கடுமையான உடற்பயிற்சி செய்த மறுநாளும் எஸ்.ஜி.ஓ.டி. உயரும், அது தசையிலும் இருக்கும் நொதி. ரத்தம் கொடுக்கும்போதே ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளையும் எடுத்துவிடுங்கள். கொழுப்பு இருப்பதாலேயே வைரஸ் இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்த சோதனை ஃபைப்ரோஸ்கேன். வழுக்கைத் தேங்காய்க்கும் கொப்பரைக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரல் இறுக இறுக அதன் வழியாக அதிர்வு வேகமாகப் பாயும். மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். விலா எலும்புகளுக்கு இடையில் ஜெல் தடவி, கருவி மெல்லத் தட்டும். விரலால் சுண்டியது போல இருக்கும், வலிக்காது. அந்த அதிர்வு ஓடும் வேகத்தை அளந்து, இறுக்கத்தைக் கிலோபாஸ்கலில் சொல்வார்கள். ஐந்து முதல் பத்து நிமிட வேலை.

சோதனைக்கு முன் குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். காபி, டீயும் கூடாது. சாப்பிட்டவுடன் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, இறுக்கமும் கூடுதலாகக் காட்டும். 'வழியில் ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்' என்பவருக்கு இல்லாத தழும்பு இருப்பதாக ரிப்போர்ட் வரலாம். எஸ்.ஜி.பி.டி. பல மடங்கு எகிறியிருக்கும்போதும், பித்தக்குழாய் அடைத்திருக்கும்போதும், இதயம் பலவீனமாகி ஈரலில் ரத்தம் தேங்கியிருக்கும்போதும் இதே பிழை நேரும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அதிர்வு ஈரலுக்குச் சரியாகப் போய்ச் சேராது.

ரிப்போர்ட்டை வாங்கியதும் முடிவு எண்ணுக்கு முன் இரண்டைப் பாருங்கள். சரியான அளவுகள் 10 எடுத்திருக்கிறார்களா? 'ஐ.க்யூ.ஆர்./மீடியன்' என்ற இடத்தில் 30 சதவீதமோ அதற்குக் குறைவோ இருக்கிறதா? பத்து அளவுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை இந்த எண் காட்டும். இது 30க்கு மேல் போய், இறுக்கமும் கூடுதலாகக் காட்டினால், அந்த முடிவை நம்பி எதையும் தீர்மானிக்காமல் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்கு 'எக்ஸ்.எல்.' என்ற தனி முனை இருக்கிறது. அது இருக்கும் இடமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இறுக்கம் 8க்குக் கீழே என்றால் பயாப்ஸி பற்றிய பேச்சை நிறுத்திவிடலாம். எடையையும் சர்க்கரையையும் கவனித்துக்கொண்டு, ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பப் பார்த்தால் போதும். 12க்கு மேல் என்றால் முற்றிய தழும்பு இருக்கக்கூடும். இடைப்பட்ட எண் வந்தால் நிபுணர் வேறு சோதனையோடு சேர்த்துப் பார்ப்பார். அதே ரிப்போர்ட்டில் 'கேப்' என்று 100 முதல் 400 வரை ஓர் எண் இருக்கும். அது கொழுப்பின் அளவு. 'எனக்கு 300 வந்துவிட்டது' என்று அலறுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் இறுக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பயாப்ஸி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊசியில் வரும் துணுக்கு, ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. பக்கத்து இடத்தில் எடுத்தால் வேறு முடிவு வரவும் கூடும். ஆனாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் நோயைச் சந்தேகித்தாலோ, மருந்தால் வந்த பாதிப்பா என்று பிரித்தறிய வேண்டியிருந்தாலோ, மற்ற சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ பயாப்ஸிக்கு மாற்றில்லை. அப்போது மறுக்காதீர்கள்.

இனி உங்கள் எரிச்சல். அபாய அறிகுறி எதுவும் இல்லாத, 60 வயதுக்குக் குறைந்தவருக்கு முதலில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று குழாய் இல்லாமல் சோதிக்கலாம் என்பதே அமெரிக்க, கனடிய இரைப்பை குடல் மருத்துவர் சங்கங்கள் 2017இல் தந்த பரிந்துரை. நம் ஊரில் மருத்துவர் இதைவிடக் குறைந்த வயதிலேயே எண்டோஸ்கோபி சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். உங்களைத் தொட்டுப் பார்த்தவர் அவர். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் இந்தக் கிருமியே காரணம் என்று கண்டதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

யூரியாவை உடைக்கும் நொதி இந்தக் கிருமியிடம் உண்டு. மூச்சுப் பரிசோதனை அதை வைத்துத்தான் நடக்கிறது. சுமார் 6 மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும். முதலில் ஒரு பையில் ஊதுவீர்கள். பிறகு கார்பன்-13 அடையாளமிட்ட யூரியாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அரை மணி கழித்து இன்னொரு பையில் ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியா உடைந்து, அந்தக் கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வரும். ஊதும்போது மூச்சைச் சில விநாடி அடக்கி, முதலில் வரும் காற்றை வெளியே விட்டு, கடைசிக் காற்றைப் பையில் விடுங்கள். வாயில் இருக்கும் காற்றால் பயனில்லை. கார்பன்-13க்குக் கதிரியக்கம் கிடையாது. சில இடங்களில் கார்பன்-14 பயன்படுத்துகிறார்கள். அதில் கதிர்வீச்சு மிகச் சிறிதளவு என்றாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

இந்தச் சோதனையைக் கெடுப்பது நீங்கள் இப்போது சாப்பிடும் பான்டோப்ரஸோல்தான். அது கிருமியைக் கொல்லாது, அடக்கி வைக்கும். அந்த நேரத்தில் சோதித்தால் 'இல்லை' என்று தவறாக வரும். சோதனைக்கு 2 வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும். சளிக்கோ பல்வலிக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் 4 வாரம் இடைவெளி வேண்டும். பிஸ்மத் கலந்த மருந்துக்கும் அதே 4 வாரம். இடையில் எரிச்சல் வந்தால் ஆன்டாசிட் ஜெல் குடிக்கலாம், சோதனைக்கு முந்தைய நாளோடு அதையும் விட்டுவிடுங்கள். இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், முன்பு வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பான்டோப்ரஸோலை நிறுத்தக் கூடாது.

மூச்சுப் பரிசோதனை கிடைக்காத ஊரில் மலத்தில் இந்தக் கிருமியின் ஆன்டிஜனை (கிருமியின் புரதத்தை) பார்க்கும் சோதனை ஏறக்குறைய அதே தரத்தில் இருக்கிறது. மருந்து நிறுத்தும் விதிகளும் அவையே. ரத்தத்தில் எதிரணு (ஆன்டிபாடி) பார்க்கும் சோதனையை எடுக்காதீர்கள். கிருமி ஒழிந்த பிறகும் எதிரணு வருடக்கணக்கில் தங்கும் என்பதால், இப்போது கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. கிருமி இருந்து சிகிச்சை எடுத்தால், ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரம் கழித்து மறுபடி சோதித்து, ஒழிந்ததா என்று உறுதி செய்யுங்கள். பலரும் எரிச்சல் நின்றதோடு விட்டுவிடுகிறார்கள். கிருமி ஒழிந்தும் எரிச்சல் நீடித்தால் அப்போது எண்டோஸ்கோபி அவசியம்.

தம்பிக்கு வருவோம். மலத்தில் ரத்தம், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காய்ச்சல், ரத்தசோகை எதுவும் இல்லையென்றால் முதலில் மலத்தில் கால்ப்ரோடெக்டின் பாருங்கள். இது வெள்ளை அணுக்களில் உள்ள புரதம், குடல் சுவரில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும். ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு குறைவு. பதற்றத்திலும் உணவிலும் கூடிக் குறையும் குடல் எரிச்சல் பிரச்சினையாக இருக்கலாம், கொலனோஸ்கோபியைத் தள்ளிப்போடலாம். 250க்கு மேல் என்றால் தள்ளிப்போடக் கூடாது. காரணம், கூடுதலாக வந்த எண் நோயின் பெயரைச் சொல்லாது. நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோன் என்ற குடல் அழற்சி நோயும் ஒன்று போலவே தோன்றும், சிகிச்சையோ எதிரெதிர். கிரோனுக்குத் தரும் ஸ்டீராய்டு காசநோயைப் பரப்பிவிடும். இரண்டையும் பிரித்தறியத் திசு எடுத்தே பார்க்க வேண்டும். 50க்கும் 250க்கும் இடையில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

கேப்சூல் கேமரா விழுங்கலாமா என்று இந்த இடத்தில் பலர் கேட்பார்கள். அது 26 மில்லிமீட்டர் நீளம், சிறுகுடலைப் படம் பிடிக்க மிக நல்ல கருவி. ஆனால் திசு எடுக்காது. காசநோயிலோ கிரோனிலோ குடல் குறுகியிருந்தால் அங்கேயே சிக்கி, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகலாம். தம்பிக்கு முதல் சோதனையாக அது வேண்டாம்.

மல மாதிரி கொடுப்பதற்கு முந்தைய 2 வாரம் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அவையும் எண்ணை ஏற்றும். பேதி திடீரென்று கூடிய நாட்களில் எடுக்க வேண்டாம், சாதாரணத் தொற்றே எண்ணைக் கூட்டிவிடும். காலையில் போகும் முதல் மலமாக இருந்தால் நல்லது. கழிப்பறைத் தண்ணீரும் சிறுநீரும் கலக்காமல் சுத்தமான காகிதத்தில் பிடித்து, லேப் தரும் டப்பியில் எடுத்து, அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.