கூழ்முட்டை முதல் மண்வாசனை வரை

நாற்றம் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு நுண்ணுயிரியல் ஆசிரியரின் பதில்கள்.

கேள்வி: சார், மழைக்காலத்தில் துவைத்த துணியும் முடைநாற்றம் அடிக்கிறதே, சோப்பு போதவில்லையா?

பதில்: சோப்பைக் கூட்டிப் பயனில்லை, காயத் தாமதமாவதுதான் காரணம். 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள்: மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ். துணியில் தங்கிவிட்ட வியர்வையையும் தோல் எண்ணெயையும் தின்று, ஒருவகைக் கொழுப்பு அமிலத்தை வெளிவிடுகிறது. துணி காய்ந்தாலும் சாகாது, நனைந்ததும் மறுபடி கிளம்பும். பருத்தித் துணியை 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, காற்றோட்டமாகச் சீக்கிரம் காயப்போடுங்கள்.

கேள்வி: கூழ்முட்டை?

பதில்: முட்டைப் புரதத்தில் கந்தகம் உண்டு. பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும்.

கேள்வி: மீன் கவிச்சி புளி ஊற்றினால் அடங்குவது எப்படி?

பதில்: எனக்குப் பிடித்த கேள்வி! கடல்மீன் உடம்பில் டிரைமெத்திலமின் ஆக்சைடு இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. மீன் செத்ததும், காற்று கிடைக்காத பாக்டீரியா அதிலிருக்கும் ஆக்சிஜனை மூச்சுக்கு எடுத்துக்கொள்கிறது. மிச்சமாகும் டிரைமெத்திலமின்தான் கவிச்சி. அது காரத்தன்மை உள்ளது, அதாவது அமிலத்துக்கு நேரெதிர். புளியின் அமிலம் பட்டதும் உப்பாக மாறி, ஆவியாகாமல் குழம்பிலேயே தங்கிவிடுகிறது. நம் சமையலறைக்கு இந்த வேதியியல் எப்போதோ கைவந்துவிட்டது.

கேள்வி: கிருமிகள் வேண்டுமென்றே நாறுகின்றனவா?

பதில்: பெரும்பாலும் நாற்றம் என்பது அவை தின்றதன் கழிவுதான். ஆனால் டேனியல் ஜான்ஸென் என்ற உயிரியலாளர் 1977இல் வேறு கோணத்தில் பார்த்தார்: பெரிய விலங்குகள் வாய்வைத்துவிடாதபடி, தங்கள் உணவை நுண்ணுயிர்களே கெடுத்துவைக்கின்றன என்றார். எனக்கு இதில் நியாயம் தெரிகிறது. அப்புறம், விரட்டும் வாடை மட்டுமல்ல, அழைக்கும் வாடையும் உண்டு. மழை பெய்ததும் வரும் மண்வாசனையில் முக்கியமானது ஜியோஸ்மின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா தயாரிப்பது. அந்த வாசனைக்கு ஸ்பிரிங்டெயில் என்ற குட்டிப் பூச்சிகள் தேடி வந்து, அந்தப் பாக்டீரியாவின் வித்துகளைச் சுமந்து பரப்புகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும். அதே ஜியோஸ்மின் ஏரித் தண்ணீரில் கலந்தால் "குழாயில் சேற்று வாடை" என்று முகம் சுளிக்கிறோம்.

கேள்வி: நாற்றம் இல்லாவிட்டால் சாப்பிடலாம்தானே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கும் முட்டை எந்த வாடையும் அடிக்காமல் இருக்கலாம். வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒரு நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மீந்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.