முகூர்த்தம் குறித்தாச்சு, அப்புறம்?

சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து மணப்பெண்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர், சொந்தத்திலும் நட்பிலும் பல கல்யாணங்களுக்கு முன்னால் நின்று ஓடியாடிய ஓர் அக்கா.

ஈசூன்: கோயிலில் தாலி கட்டினால் போதாதா? பதிவு தனியாக எதற்கு அக்கா?

போதாது தங்கச்சி. ஐயர் முன்னால் கட்டுகிற தாலி சாமிக்கும் சொந்தக்காரர்களுக்கும். சட்டத்துக்கு, உரிமம் பெற்ற ஒருவர் முன்னிலையில் பதிவு நடக்க வேண்டும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். திருமணப் பதிவகத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள். உங்களில் ஒருவராவது குடிமகன் அல்லது நிரந்தரவாசி என்றால் கட்டணம் 42 வெள்ளி. இந்தக் கல்யாணத்திலேயே மலிவான செலவு அதுதான்.

பதிவை மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அடையாள அட்டைகளை ஒரே ஆளிடம் கொடுத்து வையுங்கள், மணப்பெண்ணிடம் மட்டும் வேண்டாம். நான் போன ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அட்டை வீட்டில், வேறொரு கைப்பையில். தம்பி டாக்சி பிடித்துப் போய் எடுத்து வரும்வரை நாதஸ்வரக்காரர் ஒரே பாட்டை மூன்று தடவை வாசித்தார். கூடவே ஒரு பேனாவும் இருக்கட்டும். அந்த நேரத்தில் அரங்கத்தில் ஒருவரிடமும் பேனா இருக்காது.

பொங்கோல்: பிடிஓ வீட்டுச் சாவி (விண்ணப்பித்தபின் அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) முதலில் வந்துவிடும் போலிருக்கிறது. கல்யாணம் தை மாதம்தான். என்ன செய்வது?

நிச்சயமான ஜோடி என்று விண்ணப்பித்திருந்தால், சாவி வாங்கி மூன்று மாதத்துக்குள் சட்டப்படி கல்யாணம் முடிந்திருக்க வேண்டும். அதனால் பதிவை முதலில் முடித்துவிட்டு, தாலியைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள். “பதிவுதான் ஆச்சே, இன்னும் ஏன் தனித்தனியாக?” என்று யாராவது ஒரு பெரியம்மா கேட்பார். சிரித்துவிட்டு விடுங்கள்.

ஜூரோங்: மாப்பிள்ளை ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறார், நான் குடிமகள்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். முதலில் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். முன்பு அந்தப் பெர்மிட்டில் இருந்து இப்போது வேறு பாஸுக்கு மாறியிருந்தாலும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்: ஹோட்டலில் தலைக்கு 80 வெள்ளி என்றார்கள். 300 பேருக்கு 24,000 தானே?

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்ததா, பார்த்தீர்களா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி. ஆக 28,776 வெள்ளி. அந்த 4,776 வெள்ளியில் பூவும் மேளமும் முடிந்துவிடும். குறைந்தபட்ச எண்ணிக்கை எவ்வளவு என்றும் கேளுங்கள். ஐம்பது பேர் வராமல் போனாலும் அந்தக் கணக்குக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். நம் ஆட்கள் வருகிறேன் என்றும் சொல்லமாட்டார்கள், வரவில்லை என்றும் சொல்லமாட்டார்கள். அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடச் சொல்லுங்கள், வேறு வழியில்லை.

செங்காங்: ஞாயிறு காலை ஆறு மணி முகூர்த்தம். சரியா வருமா?

உங்களுக்கு வரும், விருந்தாளிக்கு வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் எம்ஆர்டி ரயிலே ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். அலங்காரத்துக்கு நீங்கள் மூன்று மணிக்கு எழ வேண்டும். ஐயரிடம் ஒரே தேதியைக் கேட்காமல் மூன்று தேதி, ஒன்பது மணிக்கு மேல் நேரம் என்று கேளுங்கள். அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள். தேதியை முடிவுசெய்துவிட்டு மண்டபம் தேடினால் அலைச்சல்தான்.

பிடோக்: நகையை இந்தியாவிலிருந்து வாங்கி வந்தால் மிச்சமாகுமா?

கொஞ்சம். ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் வெளியூரில் இருந்து திரும்பும் சிங்கப்பூரருக்கு 500 வெள்ளி வரைதான் ஜிஎஸ்டி விலக்கு. அதற்கு மேல் சாங்கி விமான நிலையத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் தெரியாது என்று சொல்லும் சித்தி, பிடிபட்டால் துணைக்கு வரமாட்டார்.

தேக்கா பக்கம்: ரவிக்கையைச் சென்னையில் தைக்கக் கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் இரண்டு மாதம் முன்பே கைக்கு வரவேண்டும். என்னுடையது மூன்று நாள் முன்னால் வந்தது, கை உள்ளே போகவில்லை. உள்ளே தாராளமாகத் துணி மடித்து விடச் சொல்லியிருந்ததால் சிராங்கூன் சாலையில் ஒரு தையல்காரம்மா ஒரு மணி நேரத்தில் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்.