புறவாசல் குளத்தில் மீன் சாகிறதா? எப்போது சாகிறது என்று முதலில் பாருங்கள்

"வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு குளத்தில் மீன்கள் காரணம் தெரியாமல் நாள்தோறும் செத்து மிதக்கின்றன, யாரோ விஷம் கலந்திருப்பார்கள் என்று சந்தேகிக்கிறேன், எப்படி உறுதி செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 'யாரோ' என்று எழுதினீர்களே தவிர, அந்த யாரோ யார் என்பதை மனத்துக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நானும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

நான் சேரன்மகாதேவிப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். மீன்வளம் படித்தவன் அல்லன். படித்தவர்கள் இதில் பிழை கண்டால் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் பன்னிரண்டு நாள் விடியற்காலையில் செத்த மீனை வாளியில் அள்ளித் தென்னைமூட்டில் புதைத்த கை என்னுடையது என்பதையும் அவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

எங்கள் புறவாசலில் உள்ள குளம் 24 அடி நீளமும் 15 அடி அகலமும் 4 அடி ஆழமும் கொண்டது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடும் காலத்தில் அது தானே ஊறி நிரம்பிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் கரை மீறிப் பழைய மீனெல்லாம் வயலோடு போய்விட்டதால், மறு ஆண்டு பங்குனியில் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் நூற்றைம்பது வாங்கி விட்டேன். தெரிந்தவர் ஒருவர் பத்து விரால் குஞ்சும் கொடுத்தார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கணக்கில்லாமல் போட்டேன். குளம் பச்சைப் பசேலென்று ஆனது. அது செழிப்பின் அடையாளம் என்று எண்ணிக்கொண்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் வெயிலே தலைகாட்டாமல் மூட்டம் போட்டது. முதல் நாள் காலையில் ஐந்து மீன், மறுநாள் பதினொன்று, மூன்றாம் நாள் பத்தொன்பது மிதந்தன. எல்லாம் அரைக் கிலோவை எட்டிய பெரிய மீன்கள், பெரும்பாலும் கட்லா.

எங்கள் கிழக்கெல்லைக்காரருக்கும் எனக்கும் ஒரு தென்னை மரத்தைப் பற்றி நெடுநாளாக வருத்தம் உண்டு. மூடு அவர் மனையிலும் குலை என் குளத்துக்கு மேலும் இருக்கும் மரம் அது. மீன் சாவதற்கு இரண்டு நாள் முன்புதான் அவர் பின்பக்க வயலில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்திருந்தார். சந்தேகம் வெறும் வன்மம் அன்று. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் தண்ணீரில் மிகச் சிறிதளவு கலந்தாலே மீனைக் கொல்லக்கூடியவை. தெளித்த கையோடு கைத்தெளிப்பானை வாய்க்காலில் கழுவுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே அன்றிரவே காவல் நிலையத்துக்கு ஒரு புகார் எழுதினேன். தொழில் பழக்கத்தில் குளத்துக்கு நான்கெல்லை போட்டு, நீள அகலம் குறித்து, சொத்து விவரத்தையே சேர்த்து எழுதினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

புகாரோடு சான்றும் வேண்டுமே என்று, குளிர்பானப் பாட்டிலில் பாதி தண்ணீரும் பாலிதீன் பையில் இரண்டு மீனுமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மேசைகளுக்கு மாறி மாறி அனுப்பினார்கள். முடிவில் வாசலருகே இருந்த ஊழியர் ஒருவர்தான், பாட்டிலைக் கழுவிக் காற்றுப் புகாமல் விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றும், நாறிய மீனை அறுத்துப் பார்ப்பதால் பயனில்லை என்றும் சொன்னார். முதல் மேசையிலேயே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை அது. அதற்கு எனக்கு அரை நாளும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் முகச்சுளிப்பும் செலவாயின.

திரும்பும் வழியில், வண்ணமீன் விற்கும் கடை ஒன்றில் கேட்டேன். கடைக்காரர் தண்ணீரைப் பார்க்காமலே "பாசிதான் காரணம், அதைக் கொன்றால் சரியாகிவிடும்" என்று நூறு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கட்டிக் கொடுத்தார். கரைத்து ஊற்றினேன். பச்சை வெளுத்துப் பழுப்பானது. இரண்டாம் நாள் விடியலில் முப்பத்துநான்கு மீன் மிதந்தன. அளவு தெரியாமல் போட்டால் மயில்துத்தமே மீனுக்கு நஞ்சு; உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்னீரில் அதன் வேகம் இன்னும் கூடுதல். அது போதாதென்று, செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். அந்த முப்பத்துநான்கையும் கொன்றவன் நான்தான். மருந்து விற்கிறவர் வாங்க வந்தவனிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டவர், எங்கள் ஊர்ப் பெரிய குளத்தைக் குத்தகை எடுத்து மீன் வளர்ப்பவர். பத்திர வேலையாக வந்திருந்தார். என் கதையை முழுக்கக் கேட்காமலே, "அண்ணாச்சி, எத்தனை செத்துச்சுங்கது கிடக்கட்டும். எப்பம் செத்துச்சு? விரால் செத்துச்சா, உயிரோட கிடக்கா?" என்றார். விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. "தவளைக்குஞ்சு?" அவையும் வாலாட்டிக்கொண்டிருந்தன. "அப்பம் மருந்தில்ல. இன்னிக்கு ராத்திரி தூங்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு நாற்காலி போட்டுக் குளத்தங்கரையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி வரை ஒன்றும் இல்லை. மூன்றரை மணிக்கு மேல் சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், குளம் முழுக்க மீன்கள் தலையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டும் அவை ஓடவில்லை. ஐந்து மணிக்கு இரண்டு கட்லா என் கண்ணெதிரிலேயே மல்லாந்தன. பத்து மணி வெயில் ஏறியதும் மிஞ்சியவை ஒன்றுமே நடக்காததுபோல் கீழே இறங்கிவிட்டன. பத்து மணிக்குப் பார்க்கிறவனுக்கு, நலமாக நீந்தும் மீனுக்கு நடுவே சில பிணங்கள் மட்டுமே தெரியும். அதைப் பார்த்தால் விஷம் என்றுதான் தோன்றும்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த என் மச்சினன் மகள் சோதனைப் பெட்டியோடு வந்து பார்த்தபோது, விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு நான்கு. கட்லா போன்ற கெண்டை இனங்களுக்கு ஐந்தாவது இருந்தால்தான் நல்லது. பாசி பகலில் வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் மீனைப்போலவே அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே சூரியன் எழுவதற்குச் சற்று முன்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்து கிடக்கும். மூட்டமான நாள்களில் பகல் வரவு குறைந்துவிடும், இரவுச் செலவோ குறையாது. பெரிய மீனுக்குத் தேவை அதிகம் என்பதால் அதுதான் முதலில் விழும். விரால் மேலே வந்து காற்றையே நேராக மூச்சாக எடுப்பது, ஆகையால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து விரால் குளத்தில் சாட்சியாகக் கிடந்தும் அவற்றை விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

பண்ணைகளில் ஒரு எக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சு வரை விடுவார்கள் என்று அவள் சொன்னாள். சென்ட் கணக்குப் போடுவது எனக்குத் தொழில். கூடியபட்சம் சென்டுக்கு நாற்பது. என் குளம் ஒரு சென்டுகூட இல்லை, நான் விட்டதோ நூற்றைம்பது. மறுநாளே தீனியை நிறுத்தினேன். மிஞ்சியதில் பாதியைக் குத்தகைக்காரர் குளத்துக்கு உயிரோடு அனுப்பினேன். (மயில்துத்தம் போட்ட குளத்து மீனை யாருக்கும் சமைக்கக் கொடுக்கவில்லை, அதைக் கேட்க வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.) கிணற்று மோட்டாரை இரவு இரண்டு மணி முதல் விடியும் வரை ஓடவிட்டு, தண்ணீரை ஓட்டைகள் போட்ட தகரத்தின் மேல் விழச் செய்தேன். கிணற்று நீரிலும் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். உயரத்திலிருந்து சிதறி விழுந்தால்தான் பயன். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கலாம், எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

உங்கள் குளத்திலும் இதுவேதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிற்பகலில் சாகிறது என்றால் வேறு வழியில் தேட வேண்டும்: பச்சை மிகுந்த குளத்தில் மாலைக்குள் காரத்தன்மை ஏறிவிடும், அமிலகார அளவு (pH) 7 இருக்கையில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இல்லாத அம்மோனியா (மீன் கழிவிலிருந்து உண்டாவது), 9-ஐ எட்டும்போது இந்த வெக்கையில் ஏறத்தாழப் பாதி நச்சாகிவிடும். செவுளைத் தூக்கிப் பார்க்கையில் காப்பி நிறத்தில் இருந்தால் அந்த அம்மோனியா மாறி உண்டாகும் நைட்ரைட் காரணமாக இருக்கலாம். உடம்பில் புண்ணும் சிவப்புமாக, நாளுக்கு ஒன்றிரண்டாக இழுத்துக்கொண்டு செத்தால் நோய். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை விட்ட மறுநாள் செத்தால் காரணத்தை வெளியே தேட வேண்டாம். எந்த நேரமென்று இல்லாமல் சிறிதும் பெரிதும் விராலும் ஒருசேரச் சுழன்று செத்து, நீர்ப்பூச்சிகளும் காணாமற்போனால், அப்போது உங்கள் சந்தேகத்துக்கு இடம் உண்டு. அந்நிலையில் மீன் துடித்துக்கொண்டிருக்கும்போதே பிடித்து ஐஸில் வையுங்கள். கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து அன்றைக்கே மீன்வளத் துறைக்குக் கொண்டுபோங்கள்.

அதற்கு முன் நாளை விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு டார்ச்சோடு குளத்தங்கரைக்குப் போய்ப் பாருங்கள். நான் எழுதிய புகார் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கிழக்கெல்லைக்காரருக்கு அது தெரியாது. இரவெல்லாம் மோட்டார் ஓடுகிறதே, தூக்கம் போகிறது என்றுதான் அவருக்கு என்மேல் இப்போது வருத்தம்.